வகுத்தலை எங்கிருந்து தொடங்குவது? பங்கு போட்டா, கட்டாக எடுத்தா, வாய்ப்பாட்டாலா, நீள் வகுத்தலாலா?

கூட்டல், கழித்தல், பெருக்கல் வரைக்கும் ஓரளவு வடிவாகச் செய்துகொண்டு வந்த பிள்ளை, வகுத்தல் வந்ததும் தடுமாறும். கொப்பியில் சிவப்புப் பேனா கூடும். அப்போது வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்குவார்கள். அம்மம்மா புளியங்கொட்டையைக் கொண்டுவந்து பங்கு போட்டுக் காட்டுவார். அப்பா "முதலில் வாய்ப்பாட்டைப் பாடமாக்கு, வகுத்தல் தானாக வரும்" என்பார். ரியூஷனில் நீள் வகுத்தலின் படிகளை எழுதிக் கொடுத்து, அப்படியே செய்யச் சொல்வார்கள். அக்கா போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டுவாள். எல்லாரும் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தால் பிள்ளை எதைப் பிடிப்பது?

திருகோணமலை உப்புவெளியில் மாலை வேளையில் அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "எந்த முறை நல்லது?" என்று பெற்றோர் கேட்காத மாதமில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் வேகத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஆகவே கெதியாகச் செய்யும் முறையையே முதலிலிருந்து பழக்குவோம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. என்றாலும் நான் வேறொன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்: விடை பிழைத்துவிட்டால், பக்கத்தில் யாரும் சொல்லாமலே பிள்ளைக்கு அது தெரியவருமா? தெரியவரும் முறைதான் தொடக்கத்துக்கு நல்லது. பரீட்சை மண்டபத்தில் பக்கத்தில் இருந்து சொல்ல அம்மாவும் இல்லை, ரீச்சரும் இல்லை.

பங்கு போடுவது

20 புளியங்கொட்டை, 4 பேர். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொருவர் முன்னாலும் 5 சேரும். 20 ÷ 4 = 5. இதை விளங்காத பிள்ளையை நான் கண்டதில்லை. ரொபியையும் பிஸ்கட்டையும் தம்பி தங்கையோடு பங்கு போட்டுப் பழகிய கைகள்தானே. நான் வைத்த அளவுகோலிலும் இது நன்றாகவே தேறுகிறது. ஒரு குவியலில் 6, இன்னொன்றில் 4 என்று வந்துவிட்டால் எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் 4 வந்த ஆள் விடமாட்டார்.

எங்கள் கரையில் இதற்குள் ஒரு விசேஷம் இருக்கிறது. சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்தில் கரைவலைத் தொழில் (கடலில் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பது) செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு என்றால் என்னவென்று புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்ட மீன் விற்ற காசு பங்கு பிரிவதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். ஆனால் அந்தப் பங்கு எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்காது. வலையும் தோணியும் போட்ட சம்மாட்டிக்கு ஒரு கணக்கு, கயிறு இழுத்தவர்களுக்கு ஒரு கணக்கு. "இதை ஏழு பேருக்குப் பங்கிடு" என்றதும் ஒரு பிள்ளை "இதிலே சம்மாட்டி யார்?" என்று கேட்டால் அதைக் குறும்பு என்று எடுக்கக் கூடாது. நியாயமான கேள்வி அது. பாடப்புத்தகத்து வகுத்தலில் பங்கு எல்லாருக்கும் சமம் என்பதை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம், பிள்ளை அதைப் பிடித்துவிட்டது. ஆகவே தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் "சமமாகப் பங்கிடு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வியையே நல்லதொரு கணக்காகவும் மாற்றலாம். சம்மாட்டிக்கு 2 பங்கு, இழுத்த 6 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 பங்கு. கையில் 4,000 ரூபா வந்தால் ஒரு பங்கு 4,000 ÷ 8 = 500 ரூபா. சம்மாட்டிக்கு 1,000, மற்றவர்களுக்கு 500. கூடக் குறையப் பிரிக்க வேண்டுமானாலும் முதலில் சமமான பங்குகளாக்கித்தான் கணக்குப் பார்க்க முடியும் என்பது அப்போது பிடிபடும். பெரிய வகுப்பில் விகிதம் படிக்கும்போது இதே கணக்குத்தான் வேறு உடுப்பில் வரும்.

பங்கு போடுவதன் குறை, எண் பெருத்ததும் தெரியும். 84 புளியங்கொட்டையை 4 பேருக்கு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தால் இடையில் எண்ணிக்கை தவறும், பிள்ளைக்கும் அலுத்துவிடும். அந்த இடத்தில் "பத்துப் பத்தாகப் பங்கு போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு பத்து வைத்தால் 80 போய்விடும், மீதி 4 ஆளுக்கு ஒன்று, ஆக 21. இந்தச் சின்னத் தந்திரத்தை மறக்க வேண்டாம், நீள் வகுத்தலில் இது மறுபடி தேவைப்படும்.

கட்டாக எடுப்பது

இரண்டாவது வழியில் கேட்கும் கேள்வியே வேறு. ஒரு தட்டில் 30 முட்டை இருக்கிறது. வீட்டில் நாளொன்றுக்கு 4 முட்டை முடிகிறது. எத்தனை நாளைக்குப் போதும்? இங்கே யாருக்கும் பங்கு வைக்கவில்லை. 30இலிருந்து நாலு நாலாக எடுத்துக்கொண்டு போகிறோம்: 26, 22, 18, 14, 10, 6, 2. ஏழு முறை எடுத்தாயிற்று, 2 மிஞ்சிவிட்டது. 30 ÷ 4 = 7, மீதி 2.

பங்கு போடும்போது "ஆளுக்கு எத்தனை?" என்று தேடுகிறோம். கட்டாக எடுக்கும்போது "எத்தனை கட்டு?" என்று தேடுகிறோம். 12 ÷ 3 என்று எழுதிக் கொடுத்துப் படம் கீறச் சொன்னால், ஒரு பிள்ளை மூன்று வட்டம் போட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் நாலு புள்ளி வைக்கும். இன்னொரு பிள்ளை மூன்று மூன்று புள்ளியாக நாலு வட்டம் போடும். இரண்டும் சரி. ஒரு படத்தை மட்டும் சரி என்று சொல்லி மற்றதை அடித்துவிடுவது பெரிய அநியாயம், ஏனென்றால் இரண்டாவது படம்தான் பிள்ளையை அதிக தூரம் கொண்டுபோகும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? முதலாவது, இதற்குக் கழித்தல் தெரிந்தால் போதும். புதிதாக எதுவும் தேவையில்லை. இரண்டாவது, மீதி என்பது தானாகவே வந்து முன்னால் நிற்கிறது. 2 முட்டையில் 4 எடுக்க முடியாது, அவ்வளவுதான். "மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்" என்ற விதியைப் பாடமாக்கத் தேவையில்லை. மீதி 6 என்று யாராவது எழுதினால், "அப்படியென்றால் இன்னொரு நாளைக்கு இருக்கிறதே" என்று பிள்ளையே சொல்லும்.

பூச்சியம் பற்றிய கேள்விக்கும் இந்த வழியில்தான் நேரான பதில் இருக்கிறது. 12 ÷ 0 ஏன் செய்ய முடியாது என்று கேட்டால் "அப்படி ஒரு விதி" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதை விட, 12இலிருந்து பூச்சியத்தை எடுக்கச் சொல்லுங்கள். 12 அப்படியே இருக்கும். மறுபடி எடுத்தாலும் 12. எத்தனை முறை எடுத்தாலும் குறையாது, ஆகவே எத்தனை முறை என்று சொல்ல ஓர் எண் கிடையாது. 0 ÷ 5 வேறு கதை: ஒன்றுமே இல்லாத தட்டிலிருந்து 5 ஒருமுறைகூட எடுக்க முடியாது, விடை 0. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் எடுத்துப் பார்த்த பிறகு குழம்புவதில்லை.

பின்னங்கள் வரும்போதும் அப்படித்தான். 6 ÷ ½ என்றால் அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? ஆனால் 6 றாத்தல் பாணை அரை றாத்தலாகக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் 12 என்று உடனே வரும். வகுத்தும் எண் ஏன் பெருகியது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளே திகைக்கும் இடம் இது. இதற்கு நேர்மாறாக 3 ÷ 4 என்று வந்தால் கட்டாக எடுப்பவர் மாட்டிக்கொள்வார், மூன்றுக்குள் நாலு ஒருமுறைகூட இல்லை. அங்கே 3 ரொட்டியை 4 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு முக்கால். ஆகவே பங்கு போடுவதைக் கைவிடச் சொல்லவில்லை. முதலில் சில நாட்கள் பங்கு, அதன் பிறகு நீண்ட காலத்துக்குக் கட்டு. இதுதான் நான் போகும் ஒழுங்கு.

இதிலும் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எண்கோட்டில் தாவிக் காட்டும்போது தொடங்கிய இடத்தையும் ஒரு தாவலாக எண்ணிவிடுவார்கள். 12இல் நின்று மூன்று மூன்றாகப் பின்னால் வந்தால் 12, 9, 6, 3, 0 என்று ஐந்து எண்கள் கண்ணுக்குத் தெரியும், தாவல் நாலுதான். எண்ணைத் தொடாமல் தாவலுக்கு மேலே ஒரு வளைவு கீறி, வளைவுகளை எண்ணச் சொன்னால் இது தீரும்.

வாய்ப்பாட்டைத் திருப்பிப் பார்ப்பது

அப்பாமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. 6 × 7 = 42 தெரிந்தால் 42 ÷ 6 = 7, 42 ÷ 7 = 6 இரண்டும் கையில் இருக்கின்றன. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு எந்த முறையும் நெடுந்தூரம் உதவாது. ஆறாம் வாய்ப்பாடும் ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் வாய்ப்பாட்டையே வகுத்தலின் வாசலாக வைத்தால் 43 ÷ 6 வந்ததும் பிள்ளை நின்றுவிடும். ஆறாம் வாய்ப்பாட்டில் 43 இல்லையே. "43க்கு உள்ளே அடங்கும் மிகப் பெரிய எண் எது?" என்று தேட வேண்டும் என்ற எண்ணம், கட்டாக எடுத்துப் பழகிய பிள்ளைக்குத்தான் வருகிறது. இன்னொரு சிரமம், பாட்டுப் போல ஒப்பித்தே பழகியவர்கள் 7 × 8 வேண்டுமென்றால் 7 × 1இலிருந்து ஏறி வருவார்கள். பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பும் இதில் குறைவு. நினைவு 54 என்று சொன்னால் 54தான், சரிபார்க்க வேறு கை இல்லை.

அந்தக் கையைக் கொடுப்பது புள்ளிப் படம். வரிசை வரிசையாகப் புள்ளி வைத்தால் பெருக்கலும் வகுத்தலும் ஒரே படத்தில் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சீனக்குடாவைத்தான் எடுப்பேன். பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் அங்கே 99 இருக்கின்றன என்பது இந்த ஊரில் பெரியவர்கள் பேசக் கேட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எண். உண்மையில் அவற்றில் பல பற்றைக்காட்டுக்குள் பரந்து கிடக்கின்றன. கொப்பியில் அவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தச் சொல்வேன். ஒரு வரிசைக்கு 11 வைத்தால் 9 வரிசை சரியாக வரும். ஒரு வரிசைக்கு 9 வைத்தால் 11 வரிசை. கொப்பியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே படம். 14 வைத்தால் 7 வரிசை போட்டு ஒரு தாங்கி வெளியே நிற்கும்: 99 ÷ 14 = 7, மீதி 1. ஒரு வரிசைக்கு 10 வைத்தால் மீதி 9. எந்த எண்ணை வைத்தால் மீதியே வராது என்று தேட விட்டால் 1, 3, 9, 11, 33, 99 என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். காரணிகள் என்ற பாடம் அங்கே அரைவாசி முடிந்தது.

நீள் வகுத்தலும் அதற்கு முன்னால் ஒரு படியும்

அதிகம் யோசிக்க வேண்டிய தெரிவு இதுதான். பெரிய எண்களை எழுதி வகுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த நீள் வகுத்தல்: வகுக்கும் எண் இடப்பக்கம், உள்ளே வகுக்கப்படும் எண், மேலே ஈவு, அதாவது வகுத்து வரும் விடை. வகு, பெருக்கு, கழி, அடுத்த இலக்கத்தை இறக்கு. மற்றது, கட்டாக எடுத்ததையே பெரிய பெரிய கட்டாக எடுத்து எழுதுவது. அதற்கு எங்கள் வகுப்பில் "துண்டு துண்டாக எடுப்பது" என்று பேர் வைத்திருக்கிறோம்.

156 ÷ 12ஐத் துண்டாக எடுத்துப் பார்ப்போம். 12ஐப் பத்து முறை எடுத்தால் 120 போய்விடும், மிஞ்சுவது 36. அதில் 12 மூன்று முறை. 10 + 3 = 13. ஒரு பிள்ளைக்குப் பத்து முறை எடுக்கத் துணிவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை எடுத்து 60ஐக் கழிக்கும், 96 மிஞ்சும். மறுபடி ஐந்து முறை, 36. பிறகு மூன்று முறை. 5 + 5 + 3 = 13. வழி நீண்டது, விடை மாறவில்லை. இந்த முறையின் பெரிய நன்மை இதுதான். ஒவ்வொரு இடத்திலும் சரியான எண்ணை ஊகித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. பயந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீள் வகுத்தலில் அந்தச் சலுகை இல்லை. ஈவில் ஓர் இலக்கத்தைக் குறைத்துப் போட்டால் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். அதைவிட மோசமானது பூச்சியம். 624 ÷ 6ஐ எடுங்கள். ஆறில் ஆறு ஒருமுறை. 2ஐ இறக்கு, 2இல் ஆறு இல்லை. 4ஐ இறக்கு, 24இல் ஆறு நாலு முறை. விடை 14! படிகளை மட்டும் பாடமாக்கிய பிள்ளை இதை நிம்மதியாக எழுதிக் கீழே கோடு போட்டுவிடும். 14 × 6 = 84, 624க்குப் பக்கத்திலும் வராது. ஆனால் பிள்ளைக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் அதன் கண்ணுக்கு முன்னால் 624 என்ற தொகை இல்லை, 6, 2, 4 என்ற மூன்று தனி இலக்கங்கள்தான் இருந்தன. துண்டாக எடுக்கும் பிள்ளைக்கு முதல் வரியிலேயே "600, நூறு முறை" என்று வந்துவிடும். பிறகு 24, நாலு முறை. 104.

அப்படியானால் நீள் வகுத்தல் வேண்டாமா? வேண்டும். எழுதும் இடம் குறைவு, நேரமும் குறைவு, பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். மேல் வகுப்பில் தசமம் வந்தால் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது எந்தக் காலத்திலும் சின்னப் பிள்ளைகளின் முதல் அடியாக உருவான முறை இல்லை. இன்று நாம் போடும் வடிவத்துக்குக் கிட்டிய நீள் வகுத்தல் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் அச்சான கணக்கு நூல்களில்தான் தென்படத் தொடங்குகிறது. வணிகக் கணக்குப் பார்த்துப் பழகிய பெரியவர்களின் கருவி அது. அவர்களே நீண்ட காலம் இலக்கங்களை வெட்டி வெட்டி எழுதும் பழைய முறையைத்தான் விடாமல் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றை எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரே கிழமையில் எதிர்பார்க்கிறோம்.

நீள் வகுத்தலுக்குப் போகும் நேரம் எப்போது என்பதைப் பிள்ளையே காட்டிவிடும். துண்டாக எடுக்கும்போது ஐந்து ஐந்தாக எடுத்தது நின்று, முதல் வரியிலேயே எடுக்கக்கூடிய மிகப் பெரிய துண்டை எடுக்கத் தொடங்கும். 432 ÷ 8 என்றதும் "50 முறை, 400. மிச்சம் 32, நாலு முறை. 54" என்று வந்தால் அது நீள் வகுத்தலைத்தான் செய்கிறது, எழுதும் வடிவம் மட்டும் வேறு. அன்றைக்கு வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அந்த வடிவத்தை விளக்கக் காசை விடச் சிறந்தது எனக்குத் தெரியாது. இங்கேதான் பங்கு போடுவது திரும்ப வருகிறது. 624 ரூபாவை 6 பேருக்குப் பிரிக்க வேண்டும்: ஆறு நூறு ரூபாத் தாள், இரண்டு பத்து ரூபா நாணயம், நாலு ஒரு ரூபா நாணயம். இப்போதெல்லாம் ஒரு ரூபாவைக் காண்பதே அரிது, ஆகவே கடதாசியை வெட்டி எழுதிக்கொள்ளுங்கள். நூறு ரூபாத் தாள் ஆளுக்கு ஒன்று. இரண்டு பத்து ரூபாவை 6 பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாது, ஆகவே பத்தின் இடத்தில் 0 எழுதிவிட்டு அந்த இருபதையும் ஒரு ரூபாவாக மாற்றுகிறோம். 24 ஒரு ரூபா, ஆளுக்கு 4. "இலக்கத்தை இறக்கு" என்று நாம் சொல்வதன் பொருள் "காசை மாற்று" என்பதுதான். பத்து ரூபா ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை எழுதாமல் விட்டால் நூறு ரூபா பத்து ரூபாவாகக் குறைந்துவிடும் என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அந்தப் பூச்சியத்தை இனி விடாது.

போன் வீடியோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிகளை மறந்த பிள்ளைக்கு ஞாபகப்படுத்த நல்லது. முதன்முதலாக விளங்கவைக்க உதவாது. வீடியோ பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்பதில்லை, பிள்ளை கேட்டாலும் அதற்குப் பதில் இல்லை.

மீதியை என்ன செய்வது

எந்த முறையைத் தெரிவுசெய்தாலும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்தாக வேண்டும். வசனக் கணக்குகளில் பிள்ளைகள் புள்ளியை இழப்பது வகுக்கத் தெரியாமல் மட்டுமில்லை, வகுத்து முடித்த பின் மீதியை என்ன செய்வது என்று தெரியாமலும்தான். 26 ÷ 8 = 3, மீதி 2. இந்த ஒரே கணக்கை மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

புறாமலைத் தீவுக்குப் போக 26 பேர் நிலாவெளிக் கரையில் நிற்கிறார்கள். ஒரு படகில் 8 பேர் ஏறலாம். எத்தனை படகு வேண்டும்? 4. மிஞ்சிய இரண்டு பேரைக் கரையில் விட்டுவிட்டுப் போக முடியாது.

26 பென்சில் இருக்கிறது. 8 பென்சில் கொண்ட கட்டுகளாகக் கட்டினால் எத்தனை முழுக் கட்டு கிடைக்கும்? 3. மிஞ்சிய இரண்டை வைத்துக் கட்டு ஆகாது.

26 ரொட்டியை 8 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு? மூன்றேகால். மிஞ்சிய இரண்டு ரொட்டியையும் கால் காலாக வெட்டினால் எட்டுத் துண்டு, ஆளுக்கு ஒன்று.

கணக்கு ஒன்று, விடை மூன்று. "3, மீதி 2" என்பது அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஆகவே வகுத்து முடித்ததும் கேள்வியைத் திரும்ப வாசிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே போடுங்கள். படகையும் ரொட்டியையும் மனதில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது இயல்பாக வரும். படிகளை மட்டும் பழகிய பிள்ளைக்கு மீதி என்பது ஓர் ஓரத்தில் எழுதிவைக்கும் எண், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைக்கு எது

இப்போதுதான் வகுத்தல் தொடங்கும் பிள்ளை என்றால் அவசரம் எதுவுமில்லை. புளியங்கொட்டை, முட்டைத் தட்டு, புள்ளிப் படம் எல்லாம் போதும். பங்கு போடுவது, கட்டாக எடுப்பது என்ற இரண்டு வித வசனக் கணக்கையும் கலந்து கேளுங்கள். பிள்ளையையே ஒரு வசனக் கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள். 15 ÷ 3க்குச் சொந்தமாக ஒரு கதை சொல்ல முடிந்தால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை நீள் வகுத்தல் செய்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ள வேண்டாம்.

தரம் நான்கில் இருக்கிறது, வாய்ப்பாடு ஓரளவு தெரியும், ஆனால் வகுத்தல் என்றால் முகம் வாடுகிறது என்றால் துண்டாக எடுப்பதுதான் சரியான தெரிவு. நீள் வகுத்தலைச் சில வாரங்கள் ஓரமாக வைத்துவிடுங்கள். ரியூஷனில் அதுதான் நடக்கிறது என்றால், வீட்டில் மட்டுமாவது அதே கணக்கைத் துண்டாக எடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் பிள்ளையின் முகம் தெளிவதை நீங்களே காண்பீர்கள்.

தரம் ஐந்து, பரீட்சைக்குச் சில மாதங்கள்தான், பிள்ளை நீள் வகுத்தல் போடும், ஆனால் அடிக்கடி பிழைக்கிறது. இப்படி வரும் பெற்றோர்தான் அதிகம் கலங்கியிருப்பார்கள். இந்த நேரத்தில் முறையை மாற்றாதீர்கள். கையில் இருக்கும் முறைக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு பழக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். முன்னால்: பென்சிலை வைக்கும் முன் விடை ஒற்றை இலக்கமா, பத்துக்களிலா, நூறுகளிலா, ஆயிரத்திலா என்று வாயால் சொல்ல வேண்டும். பின்னால்: ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் தொடங்கிய எண் திரும்ப வர வேண்டும். 816 ÷ 8, 1,005 ÷ 5, 7,021 ÷ 7 போல ஈவின் நடுவிலே பூச்சியம் வரும் கணக்குகளை நாளுக்கு இரண்டு மூன்று கொடுங்கள். விடைகள் 102, 201, 1,003. ஆரம்பத்தில் நேரம் கூடப் போகும், பரவாயில்லை. விடையைச் சரியா பிழையா என்று நீங்கள் சொல்லாதீர்கள். பெருக்கிப் பார்த்துப் பிள்ளையே வந்து உங்களிடம் சொல்லட்டும்.